மணிக்கட்டு நொறுங்கினால் எலும்பு வலுவற்றது என்று பொருளா?

குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்த ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது என்றால், பார்க்க வருகிறவர்களிடமிருந்து இரண்டு தீர்ப்புகளில் ஒன்று கட்டாயம் வரும். எலும்பு நொறுங்கியிருந்தால் "எலும்பில் சத்தே இல்லை போலிருக்கிறது" என்பார்கள். வெறும் விரிசல் என்றால் "நல்லவேளை, எலும்பு திடமாக இருந்ததால் தப்பித்தீர்கள்" என்பார்கள். முறிவு எவ்வளவு மோசம் என்பதை வைத்தே எலும்பின் அடர்த்தியைக் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கை இரண்டு பேச்சுக்கும் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த உண்மை நாம் தேடும் இடத்தில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'எலும்புத் தேய்மானம்' என்று நாம் பேச்சுவழக்கில் சொல்வது இரண்டு வெவ்வேறு கோளாறுகளைக் குறிக்கிறது. முழங்கால் போன்ற மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்வது ஒன்று. அது மூட்டுத் தேய்மானம், அது வலிக்கும். எலும்பின் உட்பொருளே குறைந்து அது பொறபொறவென்று ஆவது மற்றொன்று. அதற்குப் பெயர் எலும்புப்புரை, அது எலும்பு முறியும் நாள்வரை பெரும்பாலும் வலிப்பதே இல்லை. முழங்கால் வலியால் மாடிப்படி ஏற முடியாதவருக்கு எலும்பு அடர்த்தி நன்றாகவே இருக்கலாம். ஒரு வலியும் இல்லாமல் நடமாடுகிறவருக்கு அது மிகக் குறைந்திருக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

மணிக்கட்டில் முறிவது எது?

இடக்கை உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, கட்டைவிரல் பக்கமாக நாடி பார்க்கும் இடத்தில் வலக்கை விரல்களை வையுங்கள். துடிப்புக்கு அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது ஆரை எலும்பு. முன்கையில் இருக்கும் இரண்டு எலும்புகளில் கட்டைவிரல் பக்கத்து எலும்பு அது. நாம் 'மணிக்கட்டு முறிந்துவிட்டது' என்று சொல்லும்போது பெரும்பாலும் முறிந்திருப்பது அந்த எலும்பின் கீழ்முனைதான். மூட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் முறிவு இருக்கும்.

இந்த முறிவை டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814இல் விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டதோ 1895இல். எலும்பைக் கண்ணால் பார்க்காமல், கையைத் தொட்டும் அசைத்துமே அவர் அதை அடையாளம் கண்டார். கையை ஊன்றி விழுந்து, முறிந்த முனை புறங்கைப் பக்கமாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால், அதை இன்றும் கோலிஸ் முறிவு என்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் கை ஒரு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல வளைந்திருக்கும்.

ஏன் குறிப்பாக அந்த இடம்? ஆரை எலும்பின் நடுப்பகுதி மூங்கிலைப் போன்றது: சுவர் தடிமனாகவும் கெட்டியாகவும் இருக்கும். இந்தக் கெட்டிச் சுவருக்குப் புறணி எலும்பு என்று பெயர். மணிக்கட்டை நெருங்க நெருங்க எலும்பு அகலமாக விரிகிறது, சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. உள்ளே மெல்லிய இழைகளும் தகடுகளும் பின்னிய வலை ஒன்று நிரம்புகிறது. இந்த வலைக்குக் கடற்பஞ்சு எலும்பு என்று பெயர். பேக்கரி பன்னை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: மேலே மெல்லிய தோல், உள்ளே துளைகள் நிறைந்த பஞ்சு. கையை ஊன்றி விழும்போது உடலின் பாரம் வந்து இறங்குவது இந்த இடத்தில்.

அடர்த்தி என்று எதை அளக்கிறார்கள்?

எலும்பு அடர்த்தியை அளக்க வழக்கமாகப் பயன்படுவது டெக்ஸா ஸ்கேன். இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்களை உடல் வழியே செலுத்தி, எலும்பில் உள்ள தாதுப்பொருள் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்று அந்தக் கருவி கணக்கிடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்று விடை வரும். கன சென்டிமீட்டருக்கு அன்று, சதுர சென்டிமீட்டருக்கு என்பதைக் கவனியுங்கள். கருவி பார்ப்பது எலும்பின் நிழலை. அந்த நிழல் எவ்வளவு அடர்வாக விழுகிறது என்பதே அளவு. நிழலுக்குள் இருக்கும் வலை எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது என்பது அதில் தெரியாது.

கிராம் கணக்கு நமக்கு எதுவும் சொல்லாது என்பதால் அறிக்கையில் டி-ஸ்கோர் என்ற எண்ணைக் கொடுக்கிறார்கள். ஆரோக்கியமான இளவயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து நம்முடையது எத்தனை படி விலகியிருக்கிறது என்பதே டி-ஸ்கோர். அவர்களுக்குள் ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் வேறுபாட்டின் அளவே (திட்டவிலக்கம்) ஒரு படி. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லைப்படி, -1 வரை இயல்பு, -1க்கும் -2.5க்கும் இடைப்பட்டது குறைந்த அடர்த்தி, -2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. கோடு நாம் போட்டது, எலும்புக்கு அது தெரியாது. -2.4 உள்ளவருக்கும் -2.6 உள்ளவருக்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: முறிவது ஆரை எலும்பின் பன் போன்ற கீழ்முனை, ஸ்கேன் அளப்பது எலும்பிலுள்ள தாதுப்பொருளின் அளவை, அந்த அளவு எலும்பின் வலிமையோடு தொடர்புடையது, ஆனால் வலிமையே அன்று. அந்தத் தொடர்பு எத்தகையது என்பதே அடுத்த கேள்வி.

சாரத்தில் ஒரு குறுக்குக் கம்பு அவிழ்ந்தால்

அடர்த்தி பத்து விழுக்காடு குறைந்தால் வலிமையும் பத்து விழுக்காடு குறையும் என்று நினைப்பது இயல்பு. கடற்பஞ்சு எலும்பில் அப்படி நடப்பதில்லை. அதன் நசுங்கா வலிமை ஏறத்தாழ அடர்த்தியின் இருமடிக்கு, அதாவது அடர்த்தியை அதனாலேயே பெருக்கினால் வரும் அளவுக்கு, ஏற்ப மாறுகிறது. அடர்த்தி முன்பிருந்ததில் 80 விழுக்காடாகக் குறைந்தால், வலிமை 64 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

ஏன் இப்படி? கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நெட்டுக்கு நிற்கும் சவுக்குக் கம்புகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன என்று தோன்றும். ஆனால் அவை வளையாமல் நிற்பது இடையிடையே கட்டிய குறுக்குக் கம்புகளால். ஒரு குறுக்குக் கம்பை அவிழ்த்துவிட்டால், அந்த இடத்தில் நெட்டுக் கம்பின் பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பாகிறது. ஒல்லியான கம்பம் ஒன்று வளைந்து ஒடியும் பாரம் அதன் பிடிப்பில்லாத நீளத்தின் இருமடிக்கு எதிராக மாறும் என்பது பொறியாளர்கள் அன்றாடம் கையாளும் விதி. நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் பாரம் கால் பங்காகிவிடும். கழற்றியது ஒரு கம்பு. இழந்தது அந்த இடத்தின் முக்கால் பங்கு வலிமை.

எலும்புக்குள் இருக்கும் இழைவலையும் இத்தகைய சாரம்தான். மாதவிடாய் நின்ற பின் வரும் முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு எலும்பு இழப்பு வேகமெடுக்கிறது. வலை போன்ற பகுதிக்குப் பரப்பு அதிகம் என்பதால் எலும்பை அரிக்கும் செல்களுக்கு அங்கே இடமும் அதிகம். ஆகவே இழப்பு முதலில் அங்கே தெரிகிறது. இழைகள் வெறுமனே மெலிவதோடு நின்றால் மீண்டும் தடிக்க வாய்ப்பு உண்டு. அறுந்துபோன குறுக்கிழை திரும்ப ஒட்டிக்கொள்வது அரிது. ஒரே டி-ஸ்கோர் உள்ள இருவரில், இழைகள் மெலிந்தவரின் எலும்பு ஒருவிதமாகவும், இழைகள் அறுந்தவரின் எலும்பு இன்னொரு விதமாகவும் நடந்துகொள்வதற்கு இதுவே காரணம். நிழலில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும்.

பொருளின் தன்மையும் ஒரு கணக்கு. பச்சைக் குச்சி வளையும், காய்ந்த சுள்ளி படக்கென்று ஒடியும். வேகமாக உயரம் கூடும் பருவத்தில் சிறுவர் சிறுமியருக்கு மணிக்கட்டு முறிவு அடிக்கடி வருவது, நீளும் வேகத்துக்குத் தாதுப்பொருள் சேர்வது ஈடுகொடுக்காததால். ஆனாலும் பச்சைக் குச்சி போன்ற அவர்களின் எலும்பு பல சமயம் நொறுங்காமல் ஒரு பக்கம் மடிந்து புடைப்பதோடு நின்றுவிடுகிறது.

கடுமை என்பது எது?

'மோசமான முறிவு' என்று பொதுவாகச் சொல்வதை எலும்பு மருத்துவர்கள் மூன்று கேள்விகளாகப் பிரிக்கிறார்கள். முறிந்த முனை இடம் மாறியிருக்கிறதா? இது விலகல். எத்தனை துண்டுகள்? இது நொறுங்கல். முறிவுக்கோடு மூட்டின் வழவழப்பான பரப்புக்குள் ஓடுகிறதா? இது மூட்டு முறிவு. இயல்பான கையில் ஆரை எலும்பின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். கோலிஸ் முறிவில் இந்தச் சாய்வு புறங்கைப் பக்கம் திரும்பிவிடும்; எலும்பின் நீளமும் சில மில்லிமீட்டர் குறைந்துவிடும்.

இந்த மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. அதிகம் விலகியிருந்தும் மூட்டுப் பரப்பு சேதமடையாத முறிவு உண்டு. கொஞ்சமும் விலகாமல் மூட்டை இரண்டாகப் பிளந்த முறிவும் உண்டு. கடுமை என்ற ஒரே சொல்லுக்குள் இவை எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, அடர்த்தியோடு தொடர்பு உண்டா இல்லையா என்று கேட்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

விழுந்த வேகம்

எலும்பு முறிவதற்கு இரண்டு தரப்பு வேண்டும்: எலும்பின் வலிமை ஒன்று, அதன்மேல் வந்து மோதும் விசை மற்றொன்று. விசை வலிமையைத் தாண்டினால் முறிவு. பேச்சில் நாம் முதல் தரப்பை மட்டும் பிடித்துக்கொள்கிறோம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் நின்ற நிலையிலிருந்து தரையில் விழுந்தால், உடலின் எடைமையம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இறங்கும். அதில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 470 ஜூல். அதே 60 கிலோ உடல் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டால், அது சுமந்து செல்லும் ஆற்றல் சுமார் 3,700 ஜூல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. இந்த ஆற்றல் முழுவதும் மணிக்கட்டில் இறங்குவதில்லை. தோள், முழங்கை, இடுப்பு என்று பங்கு பிரியும். தரை எப்படி, கை எந்தக் கோணத்தில் ஊன்றியது என்பதையும் பொறுத்தது. இருந்தாலும் அளவின் வித்தியாசம் புரிந்திருக்கும்.

ஆகவே 24 வயது இளைஞரின் எக்ஸ்ரேயையும் 62 வயது அம்மாவின் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பைக்கிலிருந்து விழுந்த இளைஞரின் மூட்டு நான்கைந்து துண்டாகச் சிதறியிருப்பதையும், வாசல் தெளித்த ஈரத்தில் வழுக்கிய அம்மாவின் எலும்பு ஒரே கோட்டில் முறிந்திருப்பதையும் காண நேரலாம். படத்தின் கோரத்தை மட்டும் பார்த்து எலும்பு வலுவற்றவர் யார் என்று கேட்டால் நாம் இளைஞரைத்தான் காட்டுவோம்.

சுருக்கமாக: அடர்த்தி குறையும்போது வலிமை அதைவிட வேகமாகக் குறைகிறது, ஆனால் முறிவின் வடிவத்தை வலிமையும் மோதிய விசையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

உடைந்த பானைகளை மட்டும் எண்ணினால்

அப்படியானால் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்ற கேள்வி எழும். அவை ஒரே குரலில் பேசவில்லை. அடர்த்தி குறைந்தவர்களுக்கு விலகலும் நொறுங்கலும் மூட்டுச் சேதமும் அதிகம் என்று கண்ட ஆய்வுகள் உண்டு. அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை என்று முடித்த ஆய்வுகளும் உண்டு. ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது; கேள்வியின் அமைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது.

மண்பானைக் கடைக்குப் பின்னால் உடைந்த பானைகள் மட்டும் கிடக்கும் குவியலைக் கற்பனை செய்யுங்கள். மெல்லிய பானை லேசாகத் தட்டினாலே கீறல் விட்டுக் குவியலுக்கு வந்துவிடும். தடித்த பானை லேசான தட்டுக்கெல்லாம் உடையாது. வண்டியிலிருந்து உருண்டு விழுந்தால்தான் உடையும், அப்படி உடைந்தால் சுக்குநூறாகத்தான் இருக்கும். குவியலை மட்டும் பார்த்து ஒருவர் குறிப்பெடுத்தால், 'தடித்த பானைதான் அதிகமாக நொறுங்குகிறது' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். உடையாமல் கடையிலேயே இருக்கும் தடித்த பானைகள் அவர் கணக்கில் இல்லை. பானைகள் விழுந்த உயரமும் அவருக்குத் தெரியாது.

முறிவு ஏற்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எடுத்துச் செய்யும் ஆய்வு இந்தக் குவியலைப் போன்றது. நல்ல அடர்த்தி உள்ளவர் அந்தப் பட்டியலுக்குள் வரவேண்டுமானால் பெரும்பாலும் பலமாக விழுந்திருக்க வேண்டும். அதனால் அடர்த்தியின் விளைவு ஓரளவு மறைந்துபோகிறது. பைக் விபத்துகளை விலக்கிவிட்டு, நின்ற நிலையிலிருந்து விழுந்தவர்களை மட்டும் ஒப்பிட்டால் தொடர்பு தெரிய வாய்ப்பு கூடும். முதுகெலும்பில் அளந்த அடர்த்தியை மணிக்கட்டு முறிவோடு ஒப்பிடுவது இன்னொரு சிக்கல். ஒரே உடலிலும் எலும்புக்கு எலும்பு அடர்த்தி வேறுபடும்.

பொரி உருண்டையை அமுக்கிய பிறகு

அடர்த்தியின் கை உண்மையிலேயே ஓங்கும் இடத்தை முதல் நாள் எக்ஸ்ரேயில் தேடுவதைவிட, அடுத்த மூன்று வாரங்களில் தேடுவது நல்லது. எனக்கு இந்தப் பகுதிதான் கட்டுரையின் மையம். பேச்சில் மிகக் குறைவாக அடிபடுவதும் இதுதான்.

கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்திருக்கும். அப்போது ஆரை எலும்பின் உள்ளங்கைப் பக்கம் இழுபடுகிறது, புறங்கைப் பக்கம் நசுங்குகிறது. இழுபட்ட பக்கம் கோடாகப் பிளக்கும். நசுங்கிய பக்கம் பொடியாகும். அடர்த்தி குறைந்த எலும்பில் இந்த நசுங்கல் அதிகம். பொரி உருண்டையை ஒரு பக்கம் விரலால் அழுத்திக் குழியாக்குங்கள். பிறகு அதைப் பழைய உருவத்துக்கு இழுத்துப் பார்த்தால் வெளிவட்டம் ஒருவேளை சரியாகலாம், நசுங்கிய பொரி மீண்டும் உப்பாது. உள்ளே ஒரு வெற்றிடம் இருக்கும்.

மருத்துவர் மயக்கமருந்து கொடுத்துக் கையை இழுத்து எலும்பை நேராக வைத்து மாவுக்கட்டுப் போடும்போது நடப்பதும் இதுவே. படத்தில் எலும்பு அழகாக நேராகிவிடும்; ஆனால் புறங்கைப் பக்கத்தில் அதைத் தாங்க எதுவும் இல்லை. தசைகள் இழுக்க இழுக்க, வீக்கம் வடிந்து கட்டுத் தளரத் தளர, முறிந்த முனை மெல்ல அந்த வெற்றிடத்துக்குள் சாய்ந்து இறங்கிவிடும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் மீண்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது பணம் பிடுங்க என்று நினைத்துக்கொண்டு போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் படங்கள் எடுக்கப்படுவது இந்தச் சரிவைக் கண்டுபிடிக்க. வயது கூடக் கூட இப்படி மீண்டும் விலகும் வாய்ப்பு கூடுகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. புறங்கைப் பக்க நொறுங்கலும் ஒரு முன்னறிகுறி.

அறுவை சிகிச்சையிலும் அடர்த்தி குறுக்கே வரும். பழைய மண்சுவரில் அடித்த ஆணி ஆடுவதுபோல, பொறபொறத்த எலும்பில் திருகாணிக்குப் பிடிமானம் கிடைக்காது. அதனால்தான் இப்போது தலைப்பகுதியிலும் மரை வெட்டிய திருகாணிகளைப் பயன்படுத்துகிறார்கள். அவை எலும்பை மட்டும் நம்பாமல் உலோகத் தகட்டிலேயே பூட்டிக்கொள்ளும். தகடும் திருகாணியும் சேர்ந்து ஒரே சட்டமாக நின்று எலும்பின் முனையைத் தாங்கும்.

இங்கே ஒரு ஆறுதலான செய்தியும் இருக்கிறது. எலும்பு கோணலாகச் சேர்ந்தாலும் கை காலப்போக்கில் பழையபடி இயங்கும் என்று கோலிஸ் 1814இலேயே நம்பிக்கையோடு எழுதினார். எல்லா வயதினருக்கும் அது பொருந்தாது. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களிடம், ஓராண்டு கழித்துப் பார்த்தால், படத்தில் எலும்பு சற்றுக் கோணலாக இருப்பதற்கும் அன்றாட வேலைகளில் கை உதவுவதற்கும் நெருங்கிய தொடர்பு காணப்படுவதில்லை. படத்தின் கடுமையும் வாழ்க்கையின் கடுமையும் ஒன்றன்று.

இதுவரை சொன்னதன் சாரம்: அடர்த்தி குறைவு, எலும்பு எப்படி உடைந்தது என்பதைவிட, உடைந்தது வைத்த இடத்தில் நிற்குமா என்பதில் தெளிவாகத் தெரிகிறது.

எண்ணைவிட, விழுந்த விதம்

நின்ற உயரத்திலிருந்தோ அதற்குக் கீழிருந்தோ விழுந்து முறிந்தால் அதை வலுக்குறை முறிவு என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வயதைக் கடந்த ஒருவருக்கு அப்படி முறிந்தால், அது வெறும் விரிசலாகவே இருந்தாலும், எலும்பைப் பற்றிய தகவல்தான். அத்தகைய ஒரு முறிவுக்குப் பின் வேறொரு எலும்பு முறியும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. 'நல்லவேளை, விரிசலோடு போயிற்று' என்று மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஐம்பதுகளில் விழும்போது கையை நீட்டித் தடுத்துக்கொள்ளும் வேகம் உடலுக்கு இருக்கிறது, மணிக்கட்டு முறிகிறது. எழுபதுகளின் இறுதியில் அந்த வேகம் குறைந்து, அடி இடுப்பில் விழுகிறது.

டி-ஸ்கோர் -2.5ஐத் தொடவில்லை என்பதற்காக நிம்மதி அடைவதும் சரியன்று. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஏற்படும் முறிவுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்தக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கே நேர்கின்றன. அவர்களின் எலும்பு வலுவற்றது என்பதனால் மட்டுமல்ல. அந்த இடைப்பட்ட பிரிவில் ஆட்களின் எண்ணிக்கையே மிக அதிகம். இலவச முகாம்களில் குதிகாலை ஒரு சிறு கருவிக்குள் வைத்து எண் ஒன்றை எழுதித் தருகிறார்களே, அது பெரும்பாலும் ஒலி அலையைக் கொண்டு அளப்பது. 1994இல் வகுத்த -2.5 என்ற எல்லை டெக்ஸா அளவுக்காக வைத்தது. குதிகால் கருவியின் எண்ணுக்கு அதைப் பொருத்தி எலும்புப்புரை என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது.

மணிக்கட்டு முறிந்து குணமானவர் டெக்ஸா எடுக்கப் போனால், இடுப்பையும் முதுகையும் அளந்த பின், சிலருக்கு முன்கையையும் அளப்பார்கள். அப்போது எந்தக் கை முறிந்தது என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். முறிந்து சேர்ந்த இடத்தில் புதிய எலும்பு மொத்தையாகப் படிந்திருக்கும், அதன் நிழல் அடர்வாக விழும், அடர்த்தி உண்மையைவிட நன்றாக இருப்பதுபோல எண் வரும். அதனால் அளக்க வேண்டியது முறியாத கையை.